கைம்பெண்களின் பட்டியல்

(பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை)



இன்றைய வாசகங்களில் இரண்டு கைம்பெண்கள் வருகிறார்கள். ஒருவர் சாரிபாத்து ஊரைச் சேர்ந்தவர். நகர வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் இறைவாக்கினர் எலியா முதலில் தண்ணீர் கேட்கிறார், பிறகு அப்பம் கேட்கிறார். இன்னொருவர் எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்டவர். இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் இருந்திருக்கும். திருநூலில் அது எழுதப்படவில்லை.

இரண்டு காசு நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் தனியாக எடுத்துப் படிக்கிறோம். காணிக்கை பற்றிப் பேச அது வசதியாக இருக்கிறது. ஆனால் திருச்சபை இன்று அதற்கு முந்தைய வரிகளையும் சேர்த்து வாசிக்கத் தருகிறது. அங்கே இயேசு மறைநூல் அறிஞர்களைக் கண்டிக்கிறார். அவர்கள் நீண்ட அங்கி அணிகிறார்கள், சந்தைவெளியில் வணக்கம் எதிர்பார்க்கிறார்கள், நீண்ட நேரம் மன்றாடுகிறார்கள். அதே ஆட்கள் கைம்பெண்களின் வீடுகளையும் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்கிறார். இதைச் சொல்லி முடித்த பிறகுதான் பெட்டிக்கு எதிரே போய் அமர்கிறார். அமர்ந்து, யார் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கிறார். அந்தப் பெண் போட்டது எவ்வளவு என்பதோடு, அவரிடம் மீதி எதுவும் இல்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது.

இது நவம்பர் மாதம். இறந்தோரின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுக்கிறோம். அவை திருப்பலியில் பீடத்தருகே வைக்கப்படுகின்றன. இந்த நாள்களில் நம் பங்குகளில் எழுதப்படும் பெயர்களில் பெரும்பகுதி ஆண்களுடையவை, அவற்றை எழுதிக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். உறையில் உள்ள பெயரை நாம் வாசிக்கிறோம். உறையைக் கொண்டுவந்த கைக்கும் ஒரு பெயர் உண்டு. இந்த இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுத ஓர் அரசாங்கம் ஒருமுறை முயன்றது. அந்தப் பதிவேட்டைப் பற்றி இன்று நாம் பேசுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென்மாநிலங்கள் பிரிந்துபோயின. வடக்கு அதை எதிர்த்து நின்றது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் குண்டுபட்டு இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, நிமோனியா போன்ற நோய்களால் இறந்தவர்கள் அதிகம். போர் முடிந்து 25 ஆண்டுகள் ஆனபின், 1890இல், அந்த நாட்டின் பதினோராவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதோடு சேர்த்து ஒரு தனிப் பட்டியலும் எடுக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. வடக்குப் படையில் பணியாற்றி இன்னும் உயிரோடிருக்கும் வீரர்கள், கப்பற்படையினர், இறந்துபோன வீரர்களின் கைம்பெண்கள் ஆகியோரின் பட்டியல் அது.

கணக்கெடுப்புக்குக் குறித்த நாள் ஜூன் 1. அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால் வேலையை மறுநாள் திங்களன்று தொடங்கினார்கள். கிராமப்புறங்களில் அந்த மாதம் முழுவதும் அது நடந்தது. கணக்கெடுப்பாளர் பெரிய தாள்களைச் சுமந்துகொண்டு பண்ணைவீடு பண்ணைவீடாகப் போகவேண்டும். அந்த ஆண்டின் பொதுக் கணக்கைக் கூட்டிச் சொல்ல அட்டையில் துளையிடும் புதிய இயந்திரங்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உலகமே அதைப் பார்த்து வியந்தது. ஆனால் கதவைத் தட்டிக் கேட்க இயந்திரம் கிடையாது. அதற்கு ஓர் ஆள்தான் வாசலில் போய் நிற்கவேண்டும்.

இந்தப் பட்டியல் எதற்கு? வீரர் ஒருவர் ஓய்வூதியம் கேட்டால், அவர் இன்ன படைப்பிரிவில் இருந்தார், இன்ன இடத்தில் நோயுற்றார், காயம்பட்டார் என்று உடன் பணியாற்றியவர்கள் சாட்சி சொல்லவேண்டும். 25 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தோழர்கள் எந்த மாநிலத்தில், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தேடுவது எப்படி? ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண், தன் கணவர் முகாமில் இருந்தபோதுதான் இந்த இருமல் தொடங்கியது என்று யாரை வைத்து நிரூபிப்பார்? சாட்சிகளைக் கண்டுபிடிக்கத்தான் பட்டியல்.

தாளின் மேல்பாதியில் பெயர், படைப் பதவி, கம்பெனி, ரெஜிமெண்ட் அல்லது கப்பலின் பெயர், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் பணி என்ற கட்டங்கள் இருந்தன. கீழ்ப்பாதியில் அஞ்சலக முகவரி, பணியால் ஏற்பட்ட உடற்குறை, கடைசியாகக் குறிப்புகளுக்கு ஓர் இடம். பிழைத்திருக்கும் தாள்களில் அந்த உடற்குறைக் கட்டத்தைப் பார்த்தால் போர்க்கதைகளில் வரும் வீரம் எதுவும் தெரியாது. வாதநோய், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மூலம், காது கேளாமை, கண்பார்வைக் குறைவு. இடையிடையே குண்டுக் காயம். 20 வயதில் போன பையன் 45 வயதில் வெயிலில் நின்று ஏர் பிடிக்க முடியாமல் இருக்கிறான் என்பதுதான் அந்தக் கட்டம் சொல்லும் செய்தி. தன் வயிற்றுக்கோளாறைப் பற்றி அயலான் ஒருவனிடம், அதுவும் வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! சொல்லாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இனி கைம்பெண்ணின் வரி. வீரர் இறந்துவிட்டால், அவர் மனைவியின் பெயரை முதலில் எழுதி, இன்னாரின் கைம்பெண் என்று கணவரின் பெயரை அடுத்து எழுதவேண்டும். அதன்பின் வரும் கட்டங்களில் எல்லாம் கணவருடைய விவரங்கள்தான்: அவருடைய கம்பெனி, அவர் சேர்ந்த நாள், அவர் திரும்பிய நாள் அல்லது இறந்த நாள். வாசலில் நின்று பதில் சொல்கிறவர் அந்தப் பெண். ரெஜிமெண்டின் எண் நினைவிருக்கிறதா, விடுப்புச் சான்று எங்கே என்று அவரைத்தான் கேட்பார்கள். பணியால் ஏற்பட்ட குறை என்ற கட்டம் அவருக்கு எதிரே காலியாக இருக்கலாம், அல்லது கணவரின் நோய் எழுதியிருக்கலாம். கணவர் போன மூன்று ஆண்டுகளில் நிலத்தை உழுதது யார், பிள்ளைகளை வளர்த்தது எப்படி, திரும்பி வந்த நோயாளியைப் பத்து இருபது ஆண்டு பார்த்துக்கொண்டது யார் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

அவர் எத்தனை பிள்ளை பெற்றார், அதில் எத்தனை உயிரோடிருக்கிறது என்பதை அதே கணக்கெடுப்பின் பொதுத் தாள் கேட்டது. அந்தப் பொதுத் தாள்களுக்கு என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருவோம்.

கிழக்கு டென்னசி என்ற மலைப்பகுதியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். டென்னசி மாநிலம் தெற்கோடு சேர்ந்து பிரிந்தது. ஆனால் அதன் கிழக்குப் பகுதி மலைக் கிராமத்து மக்களில் பெரும்பாலோருக்கு அதில் விருப்பமில்லை. பல்லாயிரம் பேர் வடக்குப் படையில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் தெற்குப் படைக்குப் போனார். ஒரே குடும்பத்திலேயே இரண்டு பக்கமும் ஆள் இருந்தது உண்டு. போர் முடிந்ததும் எல்லாரும் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தார்கள், அல்லது அவர்களுடைய கைம்பெண்கள் அங்கேயே இருந்தார்கள். 1890இல் அங்கே போன கணக்கெடுப்பாளர்களில் சிலர், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலோ, போர் என்றால் எல்லாருக்கும் போர்தானே என்று நினைத்தோ, தெற்குப் படையில் இருந்தவர்களையும் எழுதிவிட்டார்கள். மேலலுவலகத்தில் பார்த்தவர்கள் அந்தப் பெயர்களின்மேல் கோடு இழுத்தார்கள்.

கோடு போட்டதில் சட்டப்படி தவறு இல்லை. வடக்கின் அரசாங்கம் தன்னை எதிர்த்துப் போரிட்டவருக்கு ஓய்வூதியம் கொடுக்காது. அடிமைமுறையைக் காக்க நடந்த போருக்குப் பரிசு கொடுக்கவேண்டும் என்று நாமும் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கோடுதான் இழுத்தார்கள், பெயரை அழிக்கவில்லை. இன்றும் அந்தத் தாள்களில் கோட்டுக்கு அடியில் பெயரைப் படிக்க முடிகிறது. யார் எந்தப் பக்கம் நின்றது சரி என்ற கேள்விக்கு விடை உண்டு. அந்த விடை தெரிந்த பிறகும் கோட்டுக்கு அடியில் இருக்கிற பெண்ணுக்கு அடுப்பில் வைக்க என்ன இருந்தது என்று கேட்கிற கடமை நமக்கு இருக்கிறது. சாரிபாத்துக்காரர் இஸ்ரயேலைச் சேர்ந்தவர் அல்லர், சீதோன் நாட்டவர் என்பதை இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நினைவூட்டியபோது, கேட்டவர்கள் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

அந்தப் பட்டியலில் கறுப்பின வீரர்களும் இருக்கிறார்கள். வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின மக்கள் பணியாற்றினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள். படையில் சேரும்போது சொல்லிய பெயர் ஒன்று, விடுதலைக்குப் பின் தாமே தேர்ந்துகொண்ட பெயர் இன்னொன்று என்று பலருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘என்கிற’ என்று எழுதுவதுபோல இரண்டையும் எழுதவேண்டியிருந்தது. அவர்களுடைய கைம்பெண்களின் பாடு இன்னும் கடினம். அடிமைகளுக்குச் சட்டம் திருமணத்தையே அனுமதிக்கவில்லை. சான்றிதழ் எங்கிருந்து வரும்? கணவன் மனைவியாக ஒருவரையொருவர் ஏற்று வாழ்ந்தார்கள் என்று நம்பத்தக்க சாட்சிகள் சொன்னால் போதும் என்று 1864இல் ஒரு சட்டம் போட்டார்கள். மணமக்களின் ஒப்புதல்தான் திருமணத்தை உண்டாக்குகிறது என்று நம் திருச்சபைச் சட்டம் கற்பிக்கிறது. அந்த மக்கள் காகிதம் இல்லாமல் அந்த ஒப்புதலைக் காத்துவந்தார்கள். எசமான் விற்றுப் பிரித்தபோதும் ஒருவரையொருவர் தேடிப் போனவர்கள் அவர்களில் உண்டு.

இனிப் பணத்தைப் பற்றி. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே ஜூன் மாதம் 27ஆம் நாள், குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் ஒரு புதிய ஓய்வூதியச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவரும் அந்தப் போரில் படை நடத்தியவர். அதுவரை போரில் ஏற்பட்ட காயமோ நோயோதான் கணக்கு. இப்போது 90 நாள் பணியாற்றி, உடலுழைப்பு செய்யமுடியாமல் இருந்தால் போதும் என்றாயிற்று. தன் அன்றாட உழைப்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத கைம்பெண்ணுக்கு மாதம் 8 டாலர். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 2 டாலர் கூடுதல்.

தேன் இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும். மனு எழுதித் தருகிறோம், சாட்சி பிடித்துத் தருகிறோம் என்று ஓய்வூதிய வழக்குரைஞர்களும் முகவர்களும் புறப்பட்டார்கள். அவர்களில் நேர்மையானவர்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அவர்கள் உதவியில்லாமல் அந்தப் படிவங்களைக் கடந்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு மனுவுக்கு 10 டாலருக்குமேல் வாங்கக்கூடாது என்று சட்டமே உச்சவரம்பு போடவேண்டியிருந்தது. 10 டாலர் என்பது கைம்பெண்ணின் ஒரு மாதத் தொகையைவிட அதிகம். மறைநூல் அறிஞர்களைப் பற்றி இயேசு சொன்னது பழைய எருசலேமோடு முடிந்துபோகவில்லை. இன்றும் நம் வட்டார அலுவலக வாசல்களில், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று அதன் ஒரு மாதத் தொகையைவிட அதிகம் கேட்கிற ஆட்களை நாம் பார்க்கிறோம். அவர்களில் சிலர் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கைம்பெண் மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். மறுமணம் செய்யாமல் ஓர் ஆணோடு வெளிப்படையாக வாழ்ந்தாலும் நிறுத்தலாம் என்று 1882இல் சட்டம் வந்தது. அதற்கு ஆதாரம் தேட அதிகாரிகள் கிராமங்களுக்குப் போய் அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். வேலையாள் ஒருவர் இரவில் அங்கேயே தங்கினாரா, யார் வண்டி வாசலில் நின்றது, எத்தனை மணி வரை நின்றது என்றெல்லாம் கேட்டார்கள். ஆதரவில்லாத பெண்ணுக்கு நீதி கிடைக்கச் சாட்சி சொல்லவேண்டிய அதே அண்டைவீட்டு நாக்கு, அவர் சோற்றில் மண் போடவும் பயன்பட்டது. கற்பு நெறியைத் திருச்சபை விட்டுக்கொடுக்காது. ஆனால் பட்டினிக்கு அஞ்சும் ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையை எட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலையை ஆண்டவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கணவனை இழந்த பெண்ணின் வீட்டு விளக்கு எப்போது அணைகிறது என்று கவனிக்கிற தெரு நம் ஊரிலும் உண்டு.

அந்தப் போரின் ஓய்வூதியம் எப்போது முடிந்தது தெரியுமா? 2020ஆம் ஆண்டு மே 31 அன்று, வட கரோலினாவில் 90 வயது மூதாட்டி ஒருவர் இறந்தபோது. அவர் ஒரு வீரரின் மகள். முதலில் தெற்குப் படையில் இருந்து, அதை விட்டு வடக்குப் படையில் சேர்ந்த அந்த மனிதருக்கு முதுமையில் பிறந்தவர். போர் முடிந்து 155 ஆண்டுகள் கழிந்தும் மாதம் 73 டாலர் 13 சென்ட் அவருக்கு வந்துகொண்டிருந்தது. போர் முடிந்தது என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

திருநூலும் பட்டியல்கள் நிறைந்த நூல்தான். எண்ணிக்கை என்றே ஒரு நூல் இருக்கிறது. வாசிக்கத் தொடங்கியவர் பலர் முதல் அதிகாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சீனாய்ப் பாலைநிலத்தில் 20 வயதும் அதற்கு மேலும் ஆன, போருக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணியபோது 6,03,550 பேர் வந்தார்கள். பெண்கள் எண்ணப்படவில்லை. பிறகு மோவாபுச் சமவெளியில் மறுபடியும் எண்ணுகிறார்கள். அந்த ஆண்களின் பட்டியலுக்கு நடுவே, ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோன ஒருவரின் ஐந்து மகள்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறார்கள்: மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. அடுத்த அதிகாரத்தில் அந்த ஐவரும் சந்திப்புக் கூடார வாயிலில் மோசேயின்முன் வந்து நிற்கிறார்கள். எங்கள் தந்தையின் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் நிலத்தில் பங்கு கொடுங்கள் என்கிறார்கள். மோசே விடை தெரியாமல் ஆண்டவரிடம் போகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரிதான் என்று ஆண்டவர் சொல்கிறார்.

தொடக்கத் திருச்சபையில் முதல் முணுமுணுப்பு எதனால் வந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள். மொழி வேறு, உறவுக்காரர் குறைவு, பரிந்துபேச ஆள் இல்லை, பெயர் விட்டுப்போயிற்று. திருத்தூதர்கள் அதை அற்ப விஷயம் என்று தள்ளாமல் சபையைக் கூட்டி எழுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த எழுவரில் முதல்வர், முதல் மறைச்சாட்சியான ஸ்தேவான். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்திலும் கைம்பெண்களின் பட்டியல் வருகிறது: 60 வயது ஆகியிருக்கவேண்டும், நற்செயல்களுக்குச் சான்று இருக்கவேண்டும் என்று. அந்த நிபந்தனைகள் இன்று நமக்குக் கடுமையாகப் படலாம். ஒரு சிறிய, ஏழைச் சபை தன்னிடம் இருந்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று தவித்ததன் அடையாளம் அது. எப்படியோ, ஆலயம் கட்டுமுன்பே திருச்சபையிடம் கைம்பெண்களின் பட்டியல் இருந்தது.

அமெரிக்கப் பதிவேட்டுக்குத் திரும்புவோம். அதை அச்சிட்டு மாநிலவாரியாக வெளியிடுவதாகத் திட்டம். பணம் ஒதுக்கப்படவில்லை. 1894இல் தாள்களை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பொதுக் கணக்கெடுப்புத் தாள்கள், அதாவது பெண்கள் பெற்ற பிள்ளைகளின் கணக்கு உட்பட நாட்டு மக்கள் அனைவரின் விவரங்களும் இருந்தவை, வாஷிங்டனில் ஓர் அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. 1921 ஜனவரி 10 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒரு பகுதி நெருப்பில் போனது, இன்னொரு பகுதி அணைக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்தது. மிஞ்சியவற்றைப் பாதுகாக்கப் பொருட்படுத்தாமல் 1933இல் அழிக்க அனுமதித்துவிட்டார்கள். 6 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் சில ஆயிரம் பேருடைய பெயர்களே எஞ்சின. வீரர்கள், கைம்பெண்களின் தாள்களிலும் அகரவரிசையில் முதலில் வரும் அலபாமா முதல் கன்சாஸ் வரை ஏறத்தாழ எல்லாமும், கென்டக்கியில் ஒரு பாதியும் காணாமல் போயின. மற்ற மாநிலங்களின் 75,000க்கும் மேற்பட்ட தாள்கள் பிழைத்தன. இதில் பெரிய இறைத்திட்டம் தேடவேண்டியதில்லை. வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பின, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆண்டின் செல்வர்களும் வணிகர்களும் தாளோடு போய்விட, நோயாளி விவசாயிகளும் கைம்பெண்களும் மிஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது மரியாளின் பாடல் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

நம் நாட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. முதல் உலகப்போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல்கடந்து போனார்கள். அவர்களை அனுப்பிய ஊர்களில் ஆங்கில அரசு கல் பதித்தது. நம் தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் பழைய சுவர்களில் அந்தக் கல்லைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள் என்பதுதான் செய்தி. எண் இருக்கிறது; பெயர் இல்லை. கைம்பெண் எண்ணிக்கையிலும் இல்லை. ஈராக்கில் பஸ்ரா நகரருகே உள்ள நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகளைப் பெயரால் எழுதிவிட்டு, சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக எண்ணாகப் போட்டார்கள். இறந்தவர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று அந்தப் பொறுப்பில் உள்ள ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தச் சிப்பாய்கள் இறந்து 100 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்கள் மனைவியரில் ஒருவர்கூட அதைக் கேட்க இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நம் கடற்கரைப் பங்குகளுக்குப் போரில்லாமலே தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கினார்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணும் ஊரின் எண்ணும் ஒத்துவரவில்லை. ஊர் ஊராகக் கோவில்களில் அமர்ந்து, இன்னார் மகன் இன்னார், இன்ன படகு என்று எழுதினார்கள். உடல் கிடைக்காதவரின் மனைவி சட்டத்தின் கண்ணில் கைம்பெண்ணும் இல்லை. காணாமல்போனவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. புயலுக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள், நல்லது. ஆனால் புயல் என்று பெயர் வைக்கப்படாத சாதாரண ஓர் இரவில் கடலில் காணாமல்போகிறவரின் மனைவி இன்றும் காத்திருக்கிறார். அவர் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஊர் பேசுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் காத்திருப்பதில்லை.

பங்கின் பதிவேடுகளை நாம் அலுவலகச் சடங்காக நினைத்துவிடக்கூடாது. அமெரிக்கக் கைம்பெண் ஒருவர் தம் திருமணத்தை நிரூபிக்கப் பலமுறை கோவில் பதிவேட்டையும், மந்திரித்து வைத்த குருவின் வாக்குமூலத்தையும்தான் நம்பியிருந்தார். நம்மிடமும் கணவரின் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் உதவித்தொகை கிடைக்காமல் திருமணச் சான்றுக்கு வருகிற அம்மாமார் இருக்கிறார்கள். திருமணப் பதிவேட்டில் அந்த எழுத்து சரியாக இருப்பது அவருடைய அடுத்த மாத அரிசி.

அன்பியங்களின் வழியாகப் பங்குக் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் தொடங்குகிறது. வீடு சந்திக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மகன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிற அம்மாவை மகனின் அட்டையில் கடைசி வரியாக எழுதிவிட்டு வராதீர்கள். அவருக்கென்று தனி அட்டை போடுங்கள். குடும்பத்தலைவர் பெயர் என்ற இடத்தில் இறந்தவர் பெயரை எழுதி ‘லேட்’ என்று போடும் வழக்கம் இருக்கிறது; அந்த இடத்தில் உயிரோடிருக்கும் அவருடைய பெயரை எழுதுங்கள், கணவரின் பெயரை அடுத்து எழுதுங்கள். கடலில் காணாமல்போனவரின் மனைவியை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள். உதவித்தொகை வருகிறதா, யாராவது அதற்குப் பணம் கேட்டார்களா என்றும் கேளுங்கள். கேட்டவர் பெயரைத் தாளில் எழுதவேண்டாம். பங்குப் பணியாளரிடம் வந்து சொல்லுங்கள்.

பதிவேட்டுக்கு வெளியே இன்னொரு பட்டியலும் நம் ஊரில் இருக்கிறது. திருமண வீட்டில் தாலித் தட்டை ஏந்திப் பெரியவர்களிடம் ஆசி வாங்கப் போகும்போது யாரிடம் நீட்டலாம், யாரைத் தாண்டிப் போகவேண்டும் என்று யாரும் எழுதாமலே எல்லாரும் அறிந்து வைத்திருக்கும் பட்டியல் அது. மணமகளைப் பெற்று வளர்த்த தாயே கைம்பெண் என்பதால் தூணோரம் நிற்பதை நாம் கோவிலுக்குள்ளேயே பார்க்கிறோம். இந்த வழக்கம் எந்தத் திருநூலிலிருந்தும் வந்ததில்லை. தை மாதத்தில் நம் பங்கில் திருமணங்கள் இருக்கின்றன. அந்தத் திருமணங்களில் தாலித் தட்டு முதலில் மணமக்களின் தாய்மாரிடம் போகும். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கப்படாது. மணவீட்டார் ஓலை எழுத வரும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வோம்.